வேண்டுமென்றே ஒரு பிழை

வட்டில் மிச்சம் முந்நூறு மெகாபைட்.
கிளாக்ஸ்விக்கில் டிசம்பர், மூன்று மணிக்கே இருட்டு.
ஜன்னலுக்கு வெளியே விசைப்படகுகள்
ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன.

என் கணினிக்குள் நான்கு பேர் குடியிருந்தார்கள்.
ஒரே பெயர், ஒரே வேலை:
நான் தட்டும் வரியைத் தோளுக்குப் பின்னால் நின்று படித்து
தப்பென்றால் அடியில் சிவப்பாக ஒரு நெளிகோடு இழுப்பது.
மொழிச் சேவையகம் என்பது உத்தியோகப் பெயர்.
ஒன்று புள்ளி ஆறு, ஒன்று புள்ளி ஒன்பது,
இரண்டு புள்ளி இரண்டு, இரண்டு புள்ளி ஏழு.
ஆளுக்கு ஒன்றரை கிகாபைட் சாப்பாடு.

ஒருவர் வேலையை மற்றவர் பார்க்க முடியாது.
அவரவர் கம்பைலரோடு மட்டும்தான் பேச்சுவார்த்தை.
சால்மன் தரம் பிரிக்கும் நிரலுக்கு ஏழு,
படகுத்துறை வரிசைச் சீட்டுக்கு இரண்டு.
ஒன்பது எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை.
ஹெக்னியைக் கேட்டேன். "இருக்கட்டும்" என்றான்.
அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான்.

ஆறை நீக்கினேன்.
நிச்சயமா என்று கேட்டது.
ஆம் சொல்ல ஒரே ஓர் எழுத்து போதும்.
வட்டு மூச்சுவிட்டது. நானும்.

ஏலக்கூடத்து நிரலை ஒரு வருடமாக யாரும் தொடவில்லை.
மூன்றாம் நாள் இரவு அதில் கைவைத்தேன்:
பெட்டியில் கிடக்கும் பனிக்கட்டியின் எடையைக் கழித்து
மீனை மட்டும் ஏலத்துக்கு அனுப்ப வேண்டும்.
நாற்பது வரி வேலை.

ஒரு சிவப்புக் கோடும் விழவில்லை.
ஒன்றுகூட.
எடுத்த எடுப்பிலேயே சரியாக வந்துவிட்டதென்று
எழுந்து நின்று, தனியாக,
காப்பிக் கோப்பையை உயர்த்திக் கொண்டாடியதை
இப்போது ஒப்புக்கொள்கிறேன்.
மௌனம் சம்மதம் என்கிறார்களே,
அதைச் சொன்னவர்
காலி நாற்காலியிடம் கேள்வி கேட்டிருக்க மாட்டார்.

ஐந்து மணிக்கு ஏலக்கூடத்துக் கணினி
புதிய நிரலைத் தானே எடுத்துக் கட்டத் தொடங்கும்.
ஐந்தரைக்குத் தொலைபேசியில் மார்யுன்:
"ரன்வா, பலகை இருட்டாக இருக்கிறது."

முப்பத்தொரு பிழை.
முதலாவதில், கிலோவோடு
மீனின் பெயரைக் கூட்டியிருந்தேன்.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது
பாரூர் ஒரு மீன்பெட்டிமேல் ஏறி நின்று
வாயாலேயே ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்.
பொத்தானை மட்டும் அழுத்திப் பழகிய மனிதர்,
தொண்டை ஒவ்வோர் எண்ணிலும் உடைந்தது.
மார்யுன் கிழிந்த அட்டையின் பின்புறத்தில்
பேனாவால் கணக்கெழுதினாள்.
வாங்கியவர்கள் பனிக்கட்டிக்கும் சேர்த்தே
பணம் கொடுத்துப் போனார்கள்.
யாரும் என்னைத் திட்டவில்லை.
மறுபடி ஒரு மௌனம். இதற்கு என்ன அர்த்தம்
என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

திரையின் மூலையில் ஒரு சாம்பல் புள்ளி
இரவு முழுக்க இருந்திருக்கிறது:
இங்கே யாரும் இணைப்பில் இல்லை.

மத்தியானம் ஆறைத் திரும்ப அழைத்தேன்.
இறங்கி முடிக்க நாற்பது நிமிடம்.
அதன் இடத்துக்காக, போன கோடையில் எடுத்த
துடுப்புப் போட்டிக் காணொளிகள் போயின.
(நாங்கள் தோற்ற போட்டிகள்தான், பெரும்பாலும்.)
ஒவ்வொரு திட்டத்தின் வாசலிலும்
ஒற்றை வரிக் கோப்பு ஒன்று வைத்தேன்:
இங்கே இவர் மட்டும்.
ஒன்பதைத் தொடவில்லை. இருக்கட்டும்.

இப்போதெல்லாம் எதைத் திறந்தாலும்
முதல் வரியில் ஒரு பிழை எழுதுகிறேன்:
பதினேழு கூட்டல் "ஹாடக்".
கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.
சில நாள் இரண்டு நொடி, சில நாள் பத்து.
பிறகு எண்ணுக்கடியில்
நெளிந்து நெளிந்து வருகிறது சிவப்பு.

இருக்கிறாய்.

அழித்துவிட்டு வேலையைத் தொடங்குகிறேன்.