பாதை ஓடாத நாள்

தம்பி கேதாரன்,
என் மேசையும் மோட்டார் சைக்கிளும் இனி உனக்கு.
பயிரிழப்புப் படிவங்கள் மேல் லாச்சியில்.
லாச்சியில் இல்லாத ஒன்றை இதில் எழுதுகிறேன்:
மார்கழி மழையில்
எங்கே நிறுத்துவது என்று.

பழுகாமத்துத் தவறணை வேண்டாம்.
சீமெந்துத் தரை, ரியூப் லைட்,
கம்பிக்குப் பின்னால் காசு வாங்கும் கை மட்டும் தெரியும்.
குடிக்கலாம், இருக்க முடியாது.
வெல்லாவெளியில் ஒன்று, கூரை நல்லது;
ரேடியோவை மட்டும் நிறுத்தமாட்டான்.

நீ குருமண்வெளிக்குப் போ.
பாதை கட்டும் துறையிலிருந்து கூப்பிடு தூரம்.
பெயர்ப்பலகை முந்தின வெள்ளத்தோடு போனது,
திரும்பி எழுதவில்லை.
கொண்டல் எழும்பி ஆறு நிமிர்ந்தால்
பாதைக்காரன் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு
அவனும் இங்கேதான் வருவான்.
அவன் தலை வாசலில் தெரிந்தால்
மண்டூருக்கு இன்றைக்குப் போக்கில்லை.
ஒருவரும் கேட்பதில்லை,
வாங்கில் ஒதுங்குவார்கள்.

மழைக் கள்ளில் தண்ணி கூட.
அதையும் ஒருவரும் சொல்வதில்லை.

நான் முதல் போன அன்று
கூதலில் பல்லோடு பல் அடித்தது.
பைக்குள் நூற்றிப் பதினாலு படிவங்களும் ஊறிக் கிடந்தன.
வட்டை முழுக்க வெள்ளம்,
குடலைக்கு வந்த பயிர் அடியில்.
அந்த வயல்காரர் பாதிப்பேர் அந்த வாங்குகளில்.
நான் யாரென்று தெரியும்,
பையில் என்னவென்றும் தெரியும்.

வெள்ளக்குட்டி என்றொருவர்,
நாலு ஏக்கர், நாலும் தண்ணிக்குள்,
எழும்பித் தன் இடத்தில்
என்னை அடுப்படியோடு இருத்தினார்.
'நனைஞ்சி போனாய் மனே.
முதல்ல காய். மறுகா கதைப்பம்.'

மறுகா அதைக் கதைக்கவேயில்லை.
யாரின் எருமை யாரின் வளவுக்கு நீந்திப் போனது,
தோணியில் வந்த மாப்பிள்ளை
ஒற்றைச் செருப்போடு மணவறைக்கு ஏறியது,
அதுதான் கதை.

தாழ்வாரத்தில் தங்கேஸ்வரி இறால் பொரிப்பாள்.
எண்ணெய் சீறுவதும்
தகரத்தில் மழை கொட்டுவதும் ஒரே சத்தம்.
எது ஓய்ந்ததென்று விளங்காமல்
இடைக்கிடை எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம்.
மாடு வாங்க வந்து மாட்டுப்பட்ட இப்றாலெவ்வை
அவளுக்குப் பக்கத்தில் பிளேன்ரீயோடு இருந்து
உள்ளே ஒருவன் பிழையாய்ப் போட்ட சீட்டுக்கு
வெளியே இருந்தே ஏசுவார்.

தங்கேஸ்வரி என்னைக் கேட்கவில்லை.
பையை அவிழ்த்தாள்.
படிவங்களை ஒவ்வொன்றாய் உரித்து
அடுப்புக்கு மேலே வலைக் கயிற்றில் கொழுவினாள்.
எல்லார் தலைக்கு மேலும்
எல்லாரின் வயலும் தொங்கியது.

'டேய், இஞ்ச பாரு,
உன்ட ரெண்டரை ஏக்கரில
இன்னும் தண்ணி வடியுது!'

தவறணை குலுங்கியது.
பெயருக்குரியவன்தான் கூடச் சிரித்தான்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு,
புகை என்று சொல்லிக்கொண்டு.
வெள்ளக்குட்டி மட்டும் எழும்பி
தன் தாளின் ஈரப்பக்கத்தை
நெருப்புக்குத் திருப்பிவிட்டு இருந்தார்.

தலைமையகம் கடிதம் போட்டது:
படிவங்களில் இறால் மணம், விளக்கம் தருக.
தரவில்லை.
தை முடிய இழப்பீடு வந்தது.
வெள்ளக்குட்டிக்கு ஒரு ஏக்கருக்கு மட்டும்.
மை கரைந்து
4 என்பது 1 ஆகத் தெரிந்ததாம்.
மூன்று முறை எழுதினேன்,
அந்தக் கடிதங்கள் நனையவில்லை,
மறுமொழியும் இல்லை.

அடுத்த மாரியில் துறையடிக்குப் போக வெட்கம்.
மழை விடவில்லை, போனேன்.
என்னைக் கண்டதும் மனிசன்
அடுப்படி வாங்கில் தள்ளி இருந்தார்.
அரைவாசிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.
எருமை இந்த முறையும் நீந்தியதாம்.

ஆகவே தம்பி,
பையைப் பொலித்தீனில் சுற்று.
ஏக்கர்க் கணக்கைப் பென்சிலில் எழுது,
பென்சில் கரையாது.
அடுப்படி வாங்கில்
நீயாகப் போய் இராதே.
இருத்தினால் இரு.