இரண்டாவது மைக்

புதுவயல் கல்யாண மகாலில்
சாயங்காலம் ஆறரைக்கு விவாதம்.
வணிகர் சங்கத் தேர்தல்.
தலைவர் வேட்பாளர்கள் போன வாரமே பேசிவிட்டார்கள்.
அதற்கு எட்டு ஸ்பீக்கர், பெரிய திரை,
பஸ் ஸ்டாண்டு வரை ஒயர்.
இன்றைக்குத் துணைத் தலைவர்கள்.
"ரெண்டு மைக் போதும்ல?" என்றார் செயலாளர்.
வாடகையும் பாதிதான்.

முன்வரிசைக்கு முண்டியடிக்கிறவர்களே,
மைக் செட்காரன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.
பதினோரு வருஷமாக மேடைக்குக் கீழே இருக்கிறவன்.
மேலே இருப்பவர்களை
எனக்குக் கால்களாகத்தான் தெரியும்.

"நான்" என்று ஒருமுறைதான் வரும்,
பெயர் சொல்லும்போது.
பிறகு எல்லாம் "எங்கள் தலைவர்".
பெயிண்ட் கடை சிகப்பி
எதிரணித் தலைவரின் பழைய கணக்கைக் கிளறுவார்.
எண்ணெய்ச் செக்கு சேவுகமூர்த்தி
இந்த அணித் தலைவரின் புது வீட்டைக் கிளறுவார்.
தலைவர்கள் வாய்விடக் கூச்சப்பட்டதை
இவர்கள் வாய் சொல்லும்.
துணை என்றால் வேறென்ன.

இடப்பக்கம் கைதட்டல் கிளம்பினால்
உரக்கடைப் பையன்கள்;
ஆளுக்கு ஒரு பரோட்டா பார்சல்.
மணி அடிக்கும் கேஷியர்
ஒருவருக்கு முன்னால் அடிப்பார், ஒருவருக்குப் பின்னால்.
அவருக்கும் கடன் இருக்கிறது.

ஏழு மணிக்கு மில்லில் உமிச்சாம்பல் கிளம்பும்.
கிழக்கு ஜன்னல் வழியாக வந்து
கஞ்சி போட்ட சட்டையிலும் வெள்ளைப் புடவையிலும்
பாரபட்சமில்லாமல் உட்காரும்.
இருவரும் தட்டிவிட்டுக்கொள்வார்கள்.
சாம்பலைப் பற்றி மட்டும் விவாதம் வராது.
பந்தல் செலவு மில்லுடையது.

நான் சொன்னபடியே ஒரு மணி நேரம் போனது.
மூன்றாம் வரிசையில் குறட்டைகூட வந்தது.

அப்போது இருளாயி எழுந்தாள்.
வறுகடலைத் தள்ளுவண்டி.
மாதம் ஐம்பது ரூபாய் சந்தா கட்டிய ரசீதை
தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்,
யாரும் உட்காரச் சொல்லிவிடக் கூடாதென்று.
"ஹலோ, செக்" சொல்ல வைத்திருந்த
என் ஓட்டை மைக்கை நீட்டினேன்.

"போன ஐப்பசி மழையில கிட்டங்கிச் சுவர் விழுந்துச்சு.
உள்ள என் தம்பி.
தலைவர் சிங்கப்பூர்ல.
சங்கத்து ஆம்புலன்ஸ் சாவி ஆபீஸ் பீரோவுல.
பூட்டை உடைக்கலாமான்னு யாரைக் கேக்குறதுன்னு தெரியாம
முக்கா மணி நேரம் நின்னோம்.
உங்க ரெண்டு பேருல
அந்த முக்கா மணி நேரம் யாரோடது?"

யாரும் பேசாதபோது
ஸ்பீக்கர் லேசாக முனகும்.
மற்றவர்களுக்கு அது கேட்பதில்லை.
அன்றைக்கு எல்லோருக்கும் கேட்டது.
கேஷியர் மணியைக் கையில் பிடித்தபடி மறந்துபோனார்.

"எங்கள் தலை..." என்று தொடங்கிய சிகப்பி
நிறுத்திக்கொண்டார்.
எழுதி வந்த தாளைத் தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்தார்.
சேவுகமூர்த்தியின் கால்
கழற்றிவிட்ட செருப்பைத் தேடியது.
"உடைச்சிருக்கணும்" என்றார்,
மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி.
எனக்கு மட்டும் விழுந்தது.
கூட்டிவைக்க விரல் குமிழுக்குப் போனது.
சொன்னது முடிந்துவிட்டிருந்தது.

நன்றியுரை. தேசிய கீதம்.
விவாதம் சிறப்பாக நடந்ததென்று
அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள்.
ஒயரைச் சுருட்டும்போது இருளாயியைக் கேட்டேன்,
ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓட்டு என்று.
கடலையை மடித்துத் தந்தாள்.
காசு வாங்கவில்லை, பதிலும் சொல்லவில்லை.

மறுநாள் பாதி வாடகைக்கு ரசீது எழுதிக்கொண்டு
சங்கத்துக்குப் போனேன்.
தலைவர் ஊரில் இல்லையாம்.
கையெழுத்துப் போட ஆளில்லை.