பகலில் தூங்குகிறவள்

காலை எட்டுக்கு வார்டை ஒப்படைத்துவிட்டு
கழனிவாசல் வீட்டு மாடி ஏறும்போதே
தளம் காயத் தொடங்கியிருக்கும்.
பதினோரு மணிக்கு மின்விசிறி
வெந்நீரைப் போலக் காற்றை ஊற்றும்.
நாலரை அங்குலச் சுவர்,
ஐந்து அங்குலக் கான்கிரீட்,
அதற்கடியில் நான்,
நைட் டியூட்டி நர்ஸ்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள்
பெரிய வீடுகளுக்குள் நுழைந்ததும்
அப்பாடா என்கிறார்கள்.
அந்தச் சுவருக்குப் பர்மா வரை போய் வந்திருக்க வேண்டும்.
என் வீட்டுக்காரர் பொன்னமராவதியைத் தாண்டியதில்லை.

ஏசி வாங்கிடலாம் ரெஜினா என்றார்.
போன சித்திரையில் இரவல் ஏர்கூலருக்கே
கரண்டு பில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டி
மேல்படியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.
ஓட்டைக் குடத்துக்கு
இன்னொரு பம்புசெட்டா?

திருச்சியிலிருந்து ஒரு பையன் மாதிரிகள் கொண்டுவந்தான்.
தேங்காய்நார்ப் பலகை,
வெள்ளித்தாள் ஒட்டிய பஞ்சு,
நெருக்கி அழுத்திய தெர்மாகோல்.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண்.
எண்களை நம்புகிறவள்தான் நான்,
நோயாளியைத் தொட்டுப் பார்த்த பிறகு.

ஐந்து எவர்சில்வர் டப்பா. ஆளுக்கு மூன்று ஐஸ்கட்டி.
உச்சிவெயிலில் மொட்டை மாடி.
ஒன்றும் சுற்றாதது பதினேழு நிமிடத்தில் தண்ணீர்.
நார் ஐம்பது.
பஞ்சு ஒரு மணி ஐந்து.
கேலிக்காக அவர் வைத்த புதுவயல் மில் உமி
பஞ்சோடு சரிக்குச் சரி நின்றது.
(எலிகளுக்கும் உமி பிடிக்கும். விட்டுவிட்டோம்.)
கடைசிவரை கட்டி கரையாமல் கிடந்தது
தெர்மாகோல் டப்பாவில்தான்.

கொத்தனார் வெள்ளைக்கண்ணு சொன்னார்:
மொதல்ல தண்ணிக்கு வாட்டம்,
வெயிலுக்கு வழி அப்புறம்.
பலகை பரப்பி, மேலே கலவை போட்டு,
வெள்ளை ஓடு பதித்தார்.
இடுக்கு விடாதீங்க, புண்ணுக்குக் கட்டுற மாதிரி
ஓரம் ஏறி வரணும் என்றேன்.
ஆகட்டும் டாக்டரம்மா.
நர்ஸு.
ஆகட்டும் நர்ஸம்மா.

தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு
சாக்கோட்டைப் பக்கம் ஊர் ஊராக நடந்திருக்கிறேன்.
இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்காமல்,
எட்டுக்கு மேலே ஏறாமல்
மருந்தைக் கைக்குழந்தை மாதிரி காத்திருக்கிறேன்.
மூடியை வீணாகத் திறந்த உதவியாளரை
திட்டியும் இருக்கிறேன்.
இத்தனை வருஷத்தில்
என்னை அப்படி ஒரு பெட்டியில் வைக்கலாமென்று
எனக்கே தோன்றியதில்லை.

வேலை முடிந்து ஈரம் காய்ந்த புதன்கிழமை
பகல் இரண்டு மணிக்கு
ஸ்டூலில் ஏறிக் கூரையில் உள்ளங்கை வைத்தேன்.
காய்ச்சல் இறங்கிய நெற்றி.
விசிறி மூன்றில் சுற்றியது,
வெறும் காற்றாக.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு
அவர் வெளியே போனது தெரியும்.
ஐந்து மணி அலாரம் அடித்ததாம்,
தெரியாது.

பதினெட்டு மாதத் தவணை.
பில் எவ்வளவு இறங்கும் என்பதை
அடுத்த ரீடிங்தான் சொல்ல வேண்டும்.
மேற்குச் சுவர் இன்னும் கொதிக்கிறது.
அது தீபாவளி போனஸுக்கு.