இடது மரை

கோவென்ட்ரியிலிருந்து வந்த பெட்டியின்மேல்
இரண்டு பெயர்:
பொன்னுரங்கம், எபினேசர், அயனாவரம்.
சண்டைக்கு முன்னால் போட்ட ஆர்டர்.
மீனம்பாக்கம் சுங்கத்தில் ஏழு வாரம் கிடந்து
விலையில் பாதியை வரியாகத் தின்று
வீடு வந்து சேர்ந்தபோது
நாங்கள் பேசி நாலு மாதம்.

அவன் மச்சான் கடனுக்கு
நான் போட்ட ஜாமீன் கையெழுத்து
மே மாதத்திலிருந்து என் சம்பளத்தில் பிடிக்கிறது.
அவ்வளவுதான் கதை.
கோச் ஃபேக்டரியில் ஒரே ஷாப்.
பகலெல்லாம் போகிக்கு ஸ்பிரிங் பொருத்துகிறோம்,
ஆளுக்கொரு தூணைப் பார்த்து
டிபன் சாப்பிடுகிறோம்.

வண்டியும் பாதிப் பாதி.
அறுபத்தொன்பதாம் வருட ஹெரால்டு, வெளிர் நீலம்,
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
பாத்திர அலமாரி சரிந்ததுபோல் முன்பக்கம் அலறும்.
எந்தப் பாதி யாருடையதென்று
வெட்டியா பார்க்க முடியும்?

ஞாயிறு சர்ச் முடித்துப் பனியனோடு வந்தான்.
நான் ஏற்கெனவே ஜாக்கி வைத்திருந்தேன்.
பானெட்டைத் தூக்கினால்
மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து
மூஞ்சியையே கழற்றித் தருகிற வண்டி.
கழற்றிய டயர்களைப் போட்டு உட்கார்ந்தோம்,
அவன் வலப்பக்கம், நான் இடப்பக்கம்.
நடுவில் என்ஜின்.

அவன் பக்கத்து ட்ரன்னியன் சமர்த்தாகக் கழன்றது.
என்னுடையது மாட்டேன் என்றது.
துருவுக்கு மருந்தடித்தேன்,
டீசல் ஊற்றி ஊறவைத்தேன்,
இரும்புக் குழாயைச் சொருகித் தொங்கினேன்.
ஒரு நூல் நகரவில்லை.
பத்து நிமிடம் பார்த்துக்கொண்டேயிருந்தான்.
பிறகு என் முகத்தைப் பார்க்காமல்
ஏர் ஃபில்டரிடம் சொல்வதுபோல்,
"அது எடது மரை."

இடது சக்கரத்துக்கு மரையும் இடது.
அவிழ்க்கிறேன் அவிழ்க்கிறேன் என்று
அவ்வளவு நேரமும்
இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்பிரிங்கை அமுக்க இரண்டு ஆள் வேண்டும்,
இரு பக்கமும் கொக்கி, ஆளுக்கொரு ஸ்பானர்.
ஒருவன் அவசரப்பட்டால் கோணிக்கொண்டு பாயும்,
தாடையோ சுவரோ, முதலில் கிடைப்பது.
எனவே வேறு வழியில்லை.
"அர."
"அர."
"நில்லு."
"ம்."
"அர."
நாற்பது தடவையாவது சொல்லியிருப்போம்.

நடுவில் தண்ணி லாரி வந்து ஹாரன் அடித்தது.
சக்கரமில்லாத வண்டியைக் காட்டினோம்.
டிரைவர் இறங்கி வந்து, குனிந்து பார்த்து,
கோணம் கொஞ்சம் சரியில்லை என்று
கருத்துச் சொல்லிவிட்டு
பின்னாலேயே எடுத்துப் போனார்.

கிரீஸ் துப்பாக்கியை எடுத்தேன்.
"ஆயில்டா. கியர் ஆயில்.
கிரீஸ் அடிச்சு அடிச்சுத்தான் பழசு செத்துது."
அந்த 'டா' இரண்டு பேர் காதிலும் விழுந்தது.
விழாத மாதிரி
மஞ்சள் புஷ்களுக்குப் பசை தடவினோம்.

ஆறு மணிக்கு இறக்கினோம்.
புது ஸ்பிரிங் உட்காராமல்
வீம்பு பிடித்த பிள்ளைபோல் நின்றது வண்டி,
மூக்கு மேலே.
விளக்கைப் போட்டால் வெளிச்சம்
எதிர்வீட்டு மாடிக் கொடியில், ஈரப் போர்வையில்.
"யாருப்பா அது டார்ச் அடிக்கிறது?"
சற்குணம் டீச்சர் குரல்.

"ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா உக்காரும்" என்றேன்.
"மகாபலிபுரம் போய்வர நூத்தி இருபது" என்றான்.
விரல்விட்டு எண்ணி,
"ஒம்பது ஞாயித்துக்கிழமை."
பிடித்தம் இன்னும் பதினொரு மாதம்.
நான் சொல்லவில்லை.
அவனுக்கும் எண்ணத் தெரியும்.

கொன்னூர் நெடுஞ்சாலை, முதல் வேகத்தடை.
பழக்கத்தில் இருவரும் பல்லைக் கடித்தோம்.
வண்டி ஏறியது,
இறங்கியது,
ஒரு சத்தமும் இல்லை.

கடித்த பல்லோடு
கொஞ்ச தூரம் போனோம்.