எட்டு விசில்

புத்தகத்தில் தண்ணீர் நூறில் கொதிக்கிறது.
அடிக்குறிப்பில் பொடி எழுத்தில்: கடல் மட்டத்தில்.
லேவில், எங்கள் சமையலறையில்
எண்பத்தெட்டிலேயே அதற்குப் பொறுமை போய்விடும்.
குமிழி விடும், ஆர்ப்பாட்டம் பண்ணும்,
பருப்பை மட்டும் வேகவைக்காது.

சனவரி. குழாய் உறைந்து பதினேழு நாள்.
புகாரி அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
இயற்பிய வேதியியல் படிக்கிறேன்.
முதுகு வேகிறது, முழங்கால் விறைக்கிறது,
நடுவில் ஓடும் வெப்பச் சரிவை எந்த வினாத்தாளும் கேட்காது.
பேனாவை அக்குளில் கொஞ்சம் வைத்தால்தான் மை இறங்கும்.

மாலையில் கனிம வேதியியல்.
லாந்தனைடு குறுக்கம்:
எலக்ட்ரான் கூடக் கூட அணு சுருங்கும்.
இதற்கு மட்டும் எனக்கு நோட்ஸ் தேவையில்லை.
குளிர்காலத்தில் நாங்கள் ஏழு பேர், ஒரே அறை.

அக்கா சோரோல் கேட்கிறாள்:
"கலெக்டருக்கு எதுக்குடி எலக்ட்ரான்?"
நல்ல கேள்வி. பத்து மதிப்பெண்.
அவள் புருஷன் ஸ்கர்மா தண்ணீர் லாரி ஓட்டுகிறான்.
ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றும்போது
"உறைநிலைத் தாழ்வு" என்றேன்.
"தாழ்வோ உயர்வோ, ஊத்தலைன்னா என்ஜின் பிளந்துடும்" என்றான்.
இரண்டும் ஒரே விடை.
அவனுடையதற்கு மதிப்பெண் கிடையாது.

அனுபவத்தில் சொல்கிறேன்.
போன முறை முதல் தாளில் வந்தே விட்டது:
இன்ன அழுத்தத்தில் நீரின் கொதிநிலை என்ன?
டெல்லியில், தேர்வறையில், மின்விசிறிக்குக் கீழே
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
எண்பத்தெட்டு என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.
கிளாசியஸைக் கூப்பிடவில்லை, கிளாபெய்ரானைக் கூப்பிடவில்லை,
மடக்கை இல்லை, படி இல்லை.
என் வீட்டுத் தண்ணீருக்கு நான் ஏன் சாட்சி வைக்க வேண்டும்?

பதினோரு மதிப்பெண்ணில் போனது.
அங்கேதான் போனதா, தெரியாது.
விடைத்தாள் திரும்பி வருவதில்லை.
எண் மட்டும் வரும்.

கனீஸுக்குக் கிடைத்தது.
கார்கில் பக்கம், சாங்கூக்காரி.
இரண்டு குளிர்காலம் இதே அடுப்பைச் சுற்றி
டி ஆர்பிட்டால்களைப் பங்கு போட்டுக்கொண்டோம்:
மேலே இரண்டு அவளுக்கு, கீழே மூன்று எனக்கு.
இப்போது காசியாபாத்தில் தபால் துறைப் பயிற்சி.
நேற்று குரல் அனுப்பியிருந்தாள்:
"ராஜ்மா போட்டேன். கைப்பழக்கத்தில் எட்டு விசில் விட்டேன்.
திறந்தால் கூழ், யாங்டோல். முழுக் கூழ்.
இங்கே நாலே போதுமாம். யாரும் சொல்லலை."
சிரித்தாள்.
சிரிப்பு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம்
ஏதோ ரயில் போய்க்கொண்டிருந்தது.

போகும்போது ஒரு பொட்டலம் எடுத்துப் போனாள்,
என் பூட்ஸ் பெட்டிகளில் வந்த சிலிக்கா ஜெல் இரண்டில் ஒன்று.
நீல மணிகள். கோபால்ட்.
காய்ந்திருந்தால் நான்முகம், நீலம்.
ஈரம் குடித்தால் எண்முகம், ரோஜா.
எங்கள் காற்றில் இரண்டு வருஷமாக அது நீலம்தான்,
ரோஜாவை நாங்கள் நம்பித்தான் படித்தோம்.

இன்று படம் வந்தது.
அவள் உள்ளங்கையில் வெளிறிய ரோஜா மணிகள் ஏழெட்டு.
கீழே: மழைக்காலத்திலேயே மாறிவிட்டது,
உன்னிடம் சொல்ல என்னவோ போலிருந்தது.

பதில் போடவில்லை.
என் பொட்டலத்தைப் பிரித்து
கெட்டிலின் மூக்கருகே பிடித்தேன்.
ஓரத்து மணி ஒன்று ஊதாவாகத் தொடங்கியதும்
வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

பிறகு புது வெள்ளைத்தாள்.
மேலே ஓர் அழுத்தம், கீழே ஓர் அழுத்தம், மடக்கை.
ஆவியாதல் வெப்பம், கீழே ஆர்.
அடைப்புக்குறிக்குள் ஒன்றின் கீழ் டி, கழித்தல், இன்னொன்று.
ஒரு வரியையும் விடாமல்
கடல் மட்டத்திலிருந்து ஏறி வருகிறேன்.
முந்நூற்று எழுபத்து மூன்று கெல்வினில் புறப்பட்டு
மூன்றாவது படியில் மூச்சு வாங்குகிறேன்,

தெருமுனையில் லாரி ஹார்ன்.
ஸ்கர்மா பத்து நிமிஷம்தான் நிற்பான்,
மச்சினி என்றெல்லாம் பார்க்க மாட்டான்.
இரண்டு வாளி, ஒரு குடம், செருப்பு எங்கே,
அக்கா, குக்கரில் ஆறு ஆகிவிட்டது,
மீதியை நீ எண்ணு.