ஏழு எட்டு

தலைக்கு நுரை போடும்போது
ஒரு கை குழாயை விடாது.
நுரை இமைக்கு இறங்கும்,
கண்ணை மூடுவேன்,
குளியலறைத் தரை அந்த நொடியே என்னைக் கைவிட்டுவிடும்.
முப்பத்தெட்டு வயதில்
ஒற்றைக் கையால் தலை தேய்க்கிறவள் நான்,
ரன்வா, கிளாக்ஸ்விக் ஊர்,
மீன் ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.

பாதங்கள் எனக்குச் சேதி அனுப்புவதில்லை.
கம்பளமா, கல்லா,
ஈரமா, இறக்கமா,
கண்தான் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.
இரவு விளக்கை அணைத்தபின்
கட்டில் வரை ஏழு எட்டு.
ஹேயின் ஒருநாள் நாற்காலியை நகர்த்தி வைத்தான்.
ஐந்தாவது எட்டில் ஒரு முன்பல் போயிற்று.
அவன் அழுதான். நான் பல்லைத் தேடினேன்.

ஐந்து வயதில் ரத்தப் புற்று.
கோபன்ஹேகனுக்கு விமானம், அம்மாவின் மடியில் வாளி.
வாரம் ஒரு சின்ன ஊசி,
தண்ணீரைப் போல நிறமில்லாதது.
ஒரு பூச்செடியிலிருந்து எடுத்த மருந்து அது என்று
வெகுநாள் கழித்துப் படித்தேன்.
எங்கள் தீவில் அந்தச் செடி நிற்காது,
காற்று பிடுங்கிவிடும்.
அது தானாக முளைக்கும் ஏதோ ஒரு தென்தேசத்தில்
அதற்கு நித்தியகல்யாணி என்று பெயராம்.
சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்களாம்,
அதே செடியை.
எனக்கு ஆச்சரியமாக இல்லை.

பக்கத்துக் கட்டில் பிர்கித்துக்கும் அதே ஊசி.
அவளுடைய மஞ்சள் மழைச்சட்டை
ஆணியிலேயே தொங்கியது, இரண்டு நாள்.
அதனால் எதைப் பற்றிக் குறை சொன்னாலும்
குரலைத் தாழ்த்திக்கொள்வேன், இன்றும்.

பள்ளியில் எனக்குக் கவனம் போதாது.
வீட்டில் நான் தட்டு உடைப்பவள்.
ஒரு அக்டோபர் இரவு
துறைமுகச் சாலையில் கோணலாக நடந்தேன் என்று
போலீஸ்காரர் ஊதச் சொன்னார்.
ஊதினேன். சுழியம்.
மறுபடி ஊதச் சொன்னார். சுழியம்.
வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டவர்
வழியெல்லாம் வானிலை பற்றியே பேசினார்.

போன வருடம்தான் தோர்ஸ்ஹவ்னில்
ஓர் இளம் மருத்துவர் கேட்டார்:
ஒற்றைக் காலில் நில்லுங்கள். கண்ணை மூடுங்கள்.
இரண்டு நொடி.
அவர் கையில் கடிகாரம், முகத்தில்
என் அம்மாவின் வயதுக்காரர்களை நினைத்துப்பார்க்கும் பார்வை.
எப்போதிலிருந்து?
எப்போதுமே, என்றேன்.
நீளமான ஒரு வார்த்தையை எழுதி
வாசித்தும் காட்டினார்.
முப்பத்து மூன்று வருடமாக
வாடகை தராமல் என் வீட்டில் இருப்பவனின்
பெயரை அன்றுதான் கேட்டேன்.
திரும்புகிற பேருந்தில்,
கடலுக்கடியில் போகும் சுரங்கத்தில்,
உடைந்த தட்டுகளை ஒவ்வொன்றாக
என் கணக்கிலிருந்து கழித்தேன்.
நீலக் கரை போட்ட ஒன்றைத் தவிர.
அது கோபத்தில் நானே எறிந்தது.

இப்போது செவ்வாய்தோறும் பயிற்சி.
பஞ்சு மெத்தைமேல் நிற்கிறேன்.
ஆறு நொடி. ஒருமுறை ஒன்பது.

சனிக்கிழமை தங்கை தூரித்தாவின் கல்யாணம்.
நள்ளிரவில் சங்கிலி ஆட்டம் தொடங்கிற்று.
இரண்டு எட்டு இடம், ஒன்று வலம்,
எண்பது அடிப் பழம்பாட்டு,
வாத்தியம் கிடையாது, மிதிதான் தாளம்.
ஒரு கை ஹேயினிடம்,
மறு கை மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம்,
ஈரமான, விறகுபோல் கெட்டியான கை.
நூறு பேர் மரத்தரையை மிதிக்க
பாதம் தாண்டி, மரத்த கணுக்கால் தாண்டி
முழங்காலுக்கு வந்துதான் எனக்குக் கேட்டது
தரை.
கண்ணை மூடினேன்.

எத்தனை அடி பாடினோமோ.
ஹேயின் தண்ணீர் குடிக்கக் கையை விட்டான்.
நான் பெரியப்பாமேல் சரிந்தேன்,
அவர் என்மேல்.
அவர் நிறையக் குடித்திருந்தார், நான் ஒரு சொட்டுகூட இல்லை.
ஒரே சாய்வில் நின்றோம் இருவரும்,
யாரோ ஒரு பெண் வந்து
என் வெறுங்கையைப் பிடித்துக்கொள்ளும் வரை.