பதினேழாவது அடுப்பு

கொஜே தீவில், கப்பல் வயிறுகளுக்குள்
பத்தொன்பது வருஷம் மல்லாந்து படுத்து வெல்டிங் செய்தவன் நான்.
மணிக்கட்டெல்லாம் பொரிப்பொரியாய்த் தழும்பு.
கை நீட்டினால் போதும்,
என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை.

போதகர் மேங் என்னை இங்கே அழைத்தபோது
பவுலைச் சொன்னார்:
அவரும் கூடாரத் தொழிலாளிதானே.
வந்து பார்த்தால்
கூடாரத்தை இவர்களே கட்டிவிடுகிறார்கள்,
மரச்சட்டத்தை விரித்து, கம்பளியைப் போர்த்தி,
நான் ஒரு கிண்ணம் தேநீர் முடிப்பதற்குள்.
இவர்களிடம் இல்லாதது புகையாத அடுப்பு.

மங்கோலிய மொழியில் எனக்கு நாற்பது வார்த்தை தெரியும்.
முப்பத்தொன்று கருவிகளின் பெயர்.
மீதியில் இரண்டு: நன்றி, போதும்.
கர்த்தருக்கு என்ன வார்த்தை என்று
மேங் எழுதிக் கொடுத்த தாளை
வெல்டிங் ராட் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.
இருப்பதில் ஈரம் படாத இடம் அதுதான்.

மைனஸ் முப்பத்தெட்டில் இரும்பு
தொட்ட விரலின் தோலை வாங்கிக்கொள்ளும்.
அதன்மேல் எடுத்த எடுப்பில் நெருப்பை வைக்கக் கூடாது.
ஒட்டியதுபோல் தெரியும்.
நடுராத்திரியில் 'டிங்' என்று ஒரு சத்தம்,
காலையில் மயிரிழை அளவுக்கு விரிசல்.
முதலில் சுற்றிலும் சூடேற்ற வேண்டும்,
பனித்துளி பட்டால் சீறும் வரை.
இதைப் பிரசங்கத்தில் சொல்லட்டுமா என்றார் மேங்.
நான் இரும்பைப் பற்றித்தான் சொன்னேன் என்றேன்.

பிப்ரவரியில் சியோல் சபையிலிருந்து கடிதம்.
ஒவ்வொரு அடுப்புக் கதவிலும் சின்னதாய் ஒரு சிலுவை,
காணிக்கை கொடுத்தவர்களுக்கு அதன் படம்.
எட்டு மில்லி கம்பியில் இரண்டு துண்டு,
கதவை விட்டு ஒரு விரற்கடை தள்ளி நிற்கும்படி.
ஐந்து நிமிஷ வேலை.
பதினாறு வைத்தேன், எதையும் யோசிக்காமல்.

பதினேழாவது, ஓயுன்பிலெக்கின் கூடாரத்துக்கு.
பழைய அடுப்பு முதுகுப்பக்கம் விண்டிருந்தது.
அந்தக் குளிர்காலம் முழுக்க
அவளும் இரண்டு பிள்ளைகளும்
தலைவலியோடுதான் எழுந்தார்களாம்.
நான் புகைக்குழாயைக் கூரை வளையத்தில் நுழைக்கும்போது
கதவைப் பார்த்து ஏதோ கேட்டாள்.
என் நாற்பதுக்குள் அது அகப்படவில்லை.
டிவியில் கொரியத் தொடர்கள் பார்த்தே கொரிய மொழி பழகிய
அவள் மூத்த மகன் சொன்னான்:
"ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வராவிட்டால்
இது அணைந்துவிடுமா என்று கேட்கிறாள்."

அவள் சிரிக்கவில்லை.
விலை தெரியாமல் எதையும்
வாசலுக்கு உள்ளே விடாதவளின் கேள்வி.

வறட்டியை அடுக்கிப் பற்றவைத்தேன்.
மெழுகுவத்தியைப் பிடித்து இணைப்பு நெடுக நகர்த்தினேன்,
சுடர் எங்கும் சாயவில்லை.
'அணையாது' என்பதற்கும் வார்த்தை இல்லை.
ஸ்பேனரையும் இரண்டு உபரி போல்ட்டையும்
அவள் கையில் கொடுத்து,
கீலைக் கழற்றிக் காட்டினேன், பூட்டிக் காட்டினேன்.
இரண்டாம் தடவை அவளே பூட்டினாள்,
நான் பூட்டியதைவிட இறுக்கமாக.

பிறகு கதவைத் திறந்து
முதல் வெண்ணெய்த் துண்டை நெருப்புக்குக் கொடுத்தாள்,
அவள் வீட்டில் எப்போதும் கொடுப்பதுபோல்.
வெண்ணெய் உருகும் சத்தம்.
மேங் தொண்டையைக் கனைத்தார்.
நான் எங்கே பார்ப்பது?
புகைக்குழாயைப் பார்த்தேன்.
நன்றாக இழுத்தது.

கிளம்பும்போது திரும்பினேன்.
சின்னவனின் நனைந்த கையுறைகளை
பக்கத்துக்கு ஒன்றாக
அந்தச் சிலுவையில் மாட்டியிருந்தாள்.
விரல்கள் கீழே தொங்க
ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

படம் எடுத்தாயா என்றார் மேங், வண்டியில்.
குளிரில் பேட்டரி செத்துவிட்டது என்றேன்.
பாதி உண்மை.

பதினெட்டாவதற்குக் கம்பி வெட்டும்போது
குறுக்குத் துண்டை மட்டும்
இரண்டு அங்குலம் கூட்டி வெட்டினேன்.
பெரியவர்கள் கையுறைக்கும் இடம் வேண்டுமே.